மிஸ்ஸி உடுப்பு

தூரத்தில் இருக்கிற ஆட்களை வைத்து வேலை வாங்குவது எப்படி என்று என் தங்கை மகள் கேட்டாள். அவள் ஒரு விளம்பர நிறுவனத்தில் இருக்கிறாள். அவளுக்குக் கீழே வேலை செய்கிறவர்களில் ஒருத்தி ஈப்போவில், ஒருவன் ஜொகூரில், இன்னொருத்தி கூச்சிங்கில். ஆளுக்கு ஒரு கணினியை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்களாம். "பெரியம்மா, நீங்க அந்தக் காலத்திலயே ரிமோட் டீம் பாத்தவங்க. ஏதாச்சும் டிப்ஸ் குடுங்கலா" என்றாள்.

டிப்ஸ் என்று கேட்டால் என்னிடம் மூட்டை மூட்டையாக இருக்கிறது. ஒருத்தியின் விற்பனை இறங்கினால் முதலில் அவள் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரிக்க வேண்டும். கண்ணால் பார்க்க முடியாதவளைக் காதால் பார்க்கப் பழக வேண்டும். எல்லாம் பலிக்கிற யோசனைகள்தான். அவற்றை நான் கற்றுக்கொண்ட இடத்தைத்தான் அவளிடம் சொல்ல முடியவில்லை. அவளிடம் வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகு மனம் ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன்.

என் கதை சுருக்கமானது. பினாங்குத் தீவில், சுங்கை பினாங்கில் பிறந்து வளர்ந்தவள். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து, பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்தார். நான் தட்டெழுத்துப் படித்து, பீச் ஸ்திரீட்டில் ஐரோப்பியச் சரக்குகளை இறக்குமதி செய்யும் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். எழுபதுகளின் நடுவில் என்னைக் குழந்தைப் பால்மாவுப் பகுதிக்கு மேற்பார்வையாளராகத் தூக்கிப் போட்டார்கள். ஆங்கிலம் தெரியும், கடைத்தெருவில் பேசுகிற பாசார் மலாய் தெரியும், தோட்டத்து ஆட்களிடம் அவர்கள் பேச்சிலேயே பேசத் தெரியும். என் தகுதி அவ்வளவுதான். பிறகு அதே கம்பெனியில் சவர்க்காரம், பற்பசை என்று விற்று ஓய்வு பெற்றேன். சவர்க்காரத்தைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. சவர்க்காரத்தால் யாரும் சாகவில்லை.

பால்மாவுப் பகுதிக்கு மேலாளர் மிஸ்டர் துரைராஜா. அவருடைய தகப்பனார் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே குமாஸ்தாவாக வந்தவர். மகன் இங்கேயே பிறந்து படித்தவர் என்றாலும் வீட்டுப் பேச்சை விடவில்லை. நெற்றியில் மெல்லிய திருநீறு, கழுத்தில் டை, கஞ்சி போட்ட சட்டை. நான் அவரிடம் வேலை பார்த்த வருஷங்களில் அவர் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தியதில்லை. பியூன் முதல் எல்லாருடைய தாய் தகப்பன் பெயரும் அவருக்குத் தெரியும். என் அப்பாவுக்கு மருந்து கிடைக்காதபோது அவரே தெரிந்த டாக்டரிடம் சொல்லி வாங்கிக் கொடுத்தார். கெட்ட மனிதர் என்று ஒரு வார்த்தையில் அவரை ஒதுக்க என்னால் முடியாது. அப்படி முடிந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

எங்கள் ஆட்கள் ஏழெட்டுப் பெண்கள். குலிமில் ஒருத்தி, சுங்கை பட்டாணியில் ஒருத்தி, தைப்பிங்கில் ஒருத்தி என்று வட பகுதி முழுக்கச் சிதறி இருந்தார்கள். அந்தந்த இடத்தில் ஒரு குடும்பத்தோடு அறை எடுத்துத் தங்கிக்கொண்டு சுற்றியுள்ள தோட்டங்களுக்குப் போவார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸரிடமோ மருத்துவச்சியிடமோ கேட்டு, தொழிலாளர் வரிசை வீடுகளில், எந்த லயத்தில் யாருக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வார்கள். அந்த வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தொங்கு தராசில் நிறுத்து, எடையைச் சொல்லி, புட்டிப் பால் கலக்கும் விதத்தைக் காட்டி, ஒரு டின்னை இனாமாகக் கொடுத்துவிட்டு வருவார்கள். அடுத்த டின் தோட்டத்துக் கடையில் கிடைக்கும். தாய்மார் விடியுமுன்பே ரப்பர் மரம் சீவப் போகிறவர்கள், குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட வேண்டியவர்கள். புட்டிப் பால் அவர்களுக்கு வசதியாகத்தான் இருந்தது.

இந்தப் பெண்களுக்கு வெள்ளை உடுப்பு, வெள்ளைச் சப்பாத்து, நெஞ்சில் குத்திக்கொள்ள ஒரு தொங்கு கடிகாரம். பார்த்தால் அரசாங்க ஆஸ்பத்திரித் தாதி மாதிரியே இருக்கும். இந்த ஊரில் தாதிக்கு எல்லாரும் சொல்கிற பேர் மிஸ்ஸி. லயத்துப் பிள்ளைகள் தூரத்தில் வெள்ளை உடுப்பைக் கண்டதுமே "மிஸ்ஸி வருது, மிஸ்ஸி வருது" என்று ஓடும். புதிதாகச் சேரும் ஒவ்வொருத்தியையும் உட்கார வைத்து மிஸ்டர் துரைராஜா ஒரே விதியைச் சொல்வார்.

"பிள்ளை, நான் நேர்ஸ் எண்டு ஒருக்காலும் நீர் சொல்லக் கூடாது. அது பொய். ஆனா அவையளா மிஸ்ஸி எண்டு கூப்பிட்டா, திருத்தவும் வேண்டாம். அது மரியாதை."

யாரும் திருத்தவில்லை. எனக்கும் அன்றைக்கு அது தப்பாகப் படவில்லை. படிக்காத வீட்டிலிருந்து வந்த ஒரு பெண்ணை நாலு பேர் மிஸ்ஸி என்று கும்பிட்டால் போகட்டுமே என்றுதான் நினைத்தேன்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் பெண்கள் அவரவர் ஊர் மளிகைக் கடையிலிருந்து எனக்கு டெலிபோன் செய்ய வேண்டும். எத்தனை வீடு, எத்தனை டின், எந்தக் கடையில் சரக்கு தீர்ந்தது என்று நான் கேட்டுக் குறித்துக்கொள்வேன். என் மேசையில் ஒரு டெலிபோன். அதே லைனில் மிஸ்டர் துரைராஜா அறையில் இன்னொன்று. நான் பேச ஆரம்பித்ததும் அவர் அங்கே சத்தம் இல்லாமல் எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். ஒரு வார்த்தை பேசமாட்டார். மூச்சுச் சத்தம்கூட வராது. பேசி முடிந்ததும் வாசலில் வந்து நிற்பார்.

"குலிம் பிள்ளைக்கு இந்த முறை மனம் அங்கை இல்லை. என்னெண்டு விசாரியுங்கோ" என்பார்.

விசாரித்தால் அவளுக்குப் பேசியிருந்த கல்யாணம் நின்றுபோயிருக்கும். எண்ணிக்கையில் ஒரு குறையும் இருக்காது, குரலில் மட்டும் இருக்கும். அப்படியே விட்டால் அடுத்த மாதம் எண்ணிக்கையும் இறங்கும். அவர் அதற்கு முன்னமே அவளுக்கு இரண்டு நாள் விடுப்புக் கொடுத்து, ஆறுதலாக நாலு வார்த்தை என்னைப் பேசச் சொல்லி, சரிசெய்துவிடுவார். நான் பக்கத்தில் இருந்தே இதைக் கற்றுக்கொண்டேன். சீக்கிரத்தில் அவர் சொல்லுமுன் எனக்கே தெரிய ஆரம்பித்தது. அதில் எனக்குப் பெருமை வேறு.

பத்து காவான் என்ற ஊர்ப் பக்கம் பார்த்தவள் லெட்சுமி. அப்போது அங்கே தொழிற்பேட்டையும் இல்லை, பெரிய ரோடும் இல்லை. எல்லாம் தோட்டம். ஆற்றைச் சம்பான் படகில் கடந்துதான் போக வேண்டும். லெட்சுமி நிபோங் தெபால் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள், ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். பேச ஆரம்பித்தால் கடைக்காரருக்கே காது வலிக்கும். எங்கள் பெண்களில் அவள்தான் அதிகம் விற்றாள். சனிக்கிழமைகளில் அவளோடு பேசும்போது துரைராஜா அறையிலிருந்து சில சமயம் சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்கும்.

அவள் ஒரு புதன்கிழமை டெலிபோன் செய்தாள். துரைராஜா மாக் மண்டினில் இருந்த கம்பெனிக் கிடங்குக்குப் போயிருந்தார். லைனில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

"அக்கா, ராசாத்தி புள்ள செத்துப்போச்சுக்கா."

"எந்தப் புள்ளம்மா?"

"தராசுல தொங்க விட்டப்ப சிரிச்சிச்சுன்னு சொன்னேனே, அந்தப் புள்ளதான். வயித்தால போயி, வாந்தி எடுத்து, நேத்து போயிருச்சு. நான் குடுத்த டின்னுக்கா."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் விடவில்லை.

"சம்பளம் வர்ற வரைக்கும் டின்னு நிக்கணும்னு ஒரு போத்தல் தண்ணிக்கு ஒரே ஒரு கரண்டி போட்டிருக்கா. அதுவும் கொதிக்க வைக்காத தண்ணி. நான் ஒவ்வொரு வாட்டியும் நிறுத்துப் பாத்தேன்க்கா. எடை இறங்கிக்கிட்டே வந்துச்சு. இன்னும் நல்லா பால் குடுன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அவளும் சரிங்க மிஸ்ஸின்னா. அந்தப் போத்தலை ஒரு தடவ வாங்கிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். வெறும் வெள்ளத் தண்ணிக்கா அது."

பிறகு அவள் அழுதாள். கடையில் யாரோ சீனி கேட்கிற சத்தம் கேட்டது. அந்த டின்னை ஒழுங்காகக் கலந்தால் சில நாளில் தீர்ந்துவிடும். அடுத்ததை வாங்க ராசாத்தி எத்தனை நாள் மரம் சீவ வேண்டும் என்று நாங்கள் யாரும் யோசித்ததில்லை. எங்கள் எண்ணிக்கையில் அவள் ஒரு வீடு, ஒரு டின்.

துரைராஜா திரும்பி வந்ததும் போய்ச் சொன்னேன். அவர் முகம் உண்மையாகவே வாடியது.

"வயித்தாலை போனதெண்டா தண்ணியிலைதான் பிழை" என்றார்.

"தண்ணியும்தான் சார். ஆனா கரண்டி..."

"எத்தினை கரண்டி எண்டு டின்னிலை வடிவா எழுதியிருக்குத்தானே."

"எந்த பாஷையில சார்?"

அவர் மேசையில் இருந்த டின்னை எடுத்துத் திருப்பினார். ஆங்கிலம் இருந்தது, மலாய் இருந்தது, சீனம் இருந்தது. இன்னொரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"அடுத்த அச்சடிப்பிலை தமிழும் போடச் சொல்லி எழுதுவம்" என்றார். அன்றைக்கே எழுதினார், நான்தான் டைப் அடித்தேன். நான் அந்தப் பகுதியில் இருந்தவரை டின்னில் தமிழ் வரவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு ஏதாவது அனுப்ப வேண்டும் என்றும் சொன்னார். கிடங்கிலிருந்து ஒரு பெரிய பிஸ்கட் டின் போனது.

அதற்கு அடுத்த சனிக்கிழமைகளில் லெட்சுமியின் பேச்சு சுருங்கிப்போனது. கேட்டதற்கு மட்டும் பதில். துரைராஜா வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். இரண்டு பேருக்கும் தெரிந்ததைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

பிறகு தோட்டத்தில் நடந்தது எல்லாம் லெட்சுமி என்னிடம் பின்னால் சொன்னது. அவள் விற்பதை நிறுத்திவிட்டாள். நிறுத்தினால் மட்டும் போதாது என்று, ஏற்கெனவே டின் கொடுத்த வீடுகளுக்குத் திரும்பப் போனாள். கம்பெனி உடுப்பில் போக மனம் வரவில்லை. கைலியும் சட்டையும் போட்டுக்கொண்டு போய், "இந்தப் பால நிறுத்துங்க, புள்ளைக்கு ஆவாது" என்று வீடு வீடாகச் சொன்னாள். ஒருத்தியும் கேட்கவில்லை.

"மிஸ்ஸி குடுத்த பாலை நிறுத்தச் சொல்ல நீ யாருன்னு கேட்டாளுங்கக்கா. நான்தானடி அந்த மிஸ்ஸின்னு சொன்னேன். உடுப்பு எங்கன்னு கேட்டாளுங்க. வேலைய விட்டுத் தூக்கிட்டாங்களா, அதான் வயித்தெரிச்சல்ல பேசுறியான்னு ஒருத்தி கேட்டா."

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். அங்கே வெள்ளை உடுப்பு போட்ட யார் வந்தாலும் சொன்னபடி கேட்டே பழக்கம். கையை நீட்டு என்றால் ஊசிக்கு நீட்ட வேண்டும், வாயைத் திற என்றால் மருந்துக்குத் திறக்க வேண்டும். ஏன் என்று கேட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. அதே சமயம், கைலி கட்டிய ஒருத்தி சொன்னதற்காக யாரும் எதையும் மாற்றியதும் இல்லை. எங்கள் கம்பெனி அந்த உடுப்பைத் தைக்கும்போதே அந்தப் பழக்கத்தையும் சேர்த்துத்தான் வாங்கியிருந்தது.

லெட்சுமி பார்த்தாள். உடுப்பைத் துவைத்து, இஸ்திரி போட்டு, சப்பாத்துக்கு வெள்ளை பூசி, கடிகாரத்தைக் குத்திக்கொண்டு, மறுபடி மிஸ்ஸியாகக் கிளம்பினாள். புதிதாகப் பிள்ளை பெற்றவர்கள் வீட்டுக்கு முதலில் போனாள். "தாய்ப்பாலே குடுங்க, டின் பால் வேணாம்" என்றாள். "சரிங்க மிஸ்ஸி" என்று உடனே கேட்டார்கள். இப்படிச் சில வீடுகள் ஆனதுமே தோட்டத்துக் கடையில் சரக்கு தேங்க ஆரம்பித்துவிட்டது. கடைக்காரர் நேராகத் துரைராஜாவுக்கே டெலிபோன் செய்து, உங்கள் மிஸ்ஸியே உங்கள் பாலைக் குடிக்காதே என்கிறாள், இது என்ன கூத்து என்று கேட்டார்.

அந்தச் சனிக்கிழமை லெட்சுமி அழைத்தபோது நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். "எத்தனை வீடும்மா?"

"பத்துக்கு மேல இருக்கும்க்கா."

"எத்தனை டின்?"

"ஒண்ணுமில்லக்கா. நான் விக்கல. இனிமே விக்கவும் மாட்டேன்."

அப்போது லைனில் துரைராஜாவின் குரல் வந்தது. அத்தனை வருஷத்தில் அவர் அந்த ரிசீவரில் பேசியது அந்த ஒரு தடவைதான்.

"லெட்சுமி, அம்மாவுக்கு இப்ப காலிலை வீக்கம் எப்பிடி இருக்கு?"

அவர் லைனில் இருப்பார் என்றே லெட்சுமிக்குத் தெரியாது. "இருக்கு சார்... பரவால்ல சார்" என்றாள்.

"கவனமாப் பாரும். நீரும் களைச்சுப் போனீர். கொஞ்ச நாள் வீட்டிலை இரும்" என்று சொல்லி ரிசீவரை வைத்துவிட்டார்.

பிறகு வாசலில் வந்து நின்று, திங்கட்கிழமை பத்து காவானுக்குப் போய் உடுப்பு, தராசு, கடிகாரம் மூன்றையும் வாங்கி வரச் சொன்னார். "உடுப்பு முக்கியம்" என்றார். நானும் அதைத்தான் நினைத்தேன். உடுப்பு இல்லாவிட்டால் அவள் பேச்சுக்கு அங்கே மதிப்பு இல்லை. அது அவருக்கும் தெரிந்திருந்தது.

பெர்ரி பிடித்து பட்டர்வொர்த் போய், பஸ் மாறி, சம்பான் ஏறிப் போனேன். வழி முழுக்க லெட்சுமி மேல் எனக்குக் கோபம். இவ்வளவு பேசுகிறவள் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்த்திருந்தால் என்ன என்று கோபம். துரைராஜா மேல் கோபம். ராசாத்தி மேல்கூட கோபம். யார் மேல் படுவது என்று தெரியாத கோபம் எல்லார் மேலும்தான் படும்.

லெட்சுமி உடுப்பை மடித்து, ஒரு காகிதப் பையில் தயாராக வைத்திருந்தாள். சப்பாத்தைத் துடைத்து மேலே வைத்திருந்தாள். எனக்குத் தேநீர் கலக்கிக் கொடுத்தாள்.

"எடுத்துட்டுப் போங்கக்கா. சண்டை போட மாட்டேன். ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் என்கூட வந்துட்டுப் போங்க."

"எதுக்குமா?"

"பாக்கியம்னு ஒருத்தி. புள்ள ராசாத்தி புள்ள மாதிரியே இறங்கிட்டு வருது. நான் கைலியில போயிச் சொன்னப்ப தொரத்தி விட்டுட்டா. உடுப்பு போட்டுத் திரும்பப் போறதுக்குள்ள சார் நிறுத்திட்டாரு. நீங்க சொன்னா கேப்பாக்கா."

அடுத்த லயத்துக்கு நடந்து போனோம். என் சேலையையும் கைப்பையையும் பார்த்துப் பிள்ளைகள் பின்னால் வந்தன. தோட்டத்துக் கடைக்காரரும் குடையைப் பிடித்துக்கொண்டு, வேறு எங்கோ போகிறவர் போல, வந்து சேர்ந்தார். நான் என்ன சொன்னாலும் சாயங்காலத்துக்குள் துரைராஜாவின் காதுக்குப் போய்விடும். அப்பாவின் மருந்தும் வீட்டு வாடகையும் என் சம்பளத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தன. என் கால் பின்னுக்கு இழுத்ததை நான் மறைக்கப்போவதில்லை.

பாக்கியம் சின்னப் பெண். இருபது வயதுகூட இருக்காது. மடியில் குழந்தை புட்டியை உறிஞ்சிக்கொண்டிருந்தது. புட்டி வழியாக அவள் விரல்கள் தெரிந்தன, அவ்வளவு தண்ணீர். குழந்தையின் கைகள் சுருங்கிப் போயிருந்தன. நாங்கள் உள்ளே போனபோதும் அது எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதைத்தான் என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

"பாக்கியம், இவங்க பெரிய மிஸ்ஸி" என்றாள் லெட்சுமி. "பினாங்கு ஆபீஸ்ல இருந்து வந்திருக்காங்க. உன் புள்ளையப் பாக்கத்தான் வந்தாங்க."

பாக்கியம் எழுந்திருக்கப் பார்த்தாள். உட்காரச் சொன்னேன். நான் மிஸ்ஸி இல்லை என்று திருத்தவில்லை.

"மிஸ்ஸி, நீங்க சொல்லுங்க" என்றாள். "இந்தக்கா டின் பாலை நிறுத்துங்குது. கடையில வாங்குங்கறாங்க. நிறுத்தட்டுமா, வேணாமா?"

கடைக்காரர் வாசலில் குடையை மடக்கினார். லெட்சுமி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிறுத்திடும்மா" என்றேன். "இது வேணாம். உன் பாலே குடு."

"சரிங்க மிஸ்ஸி."

அடுத்த நொடியே புட்டியைக் குழந்தையின் வாயிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. குழந்தை வாயைத் திறந்தபடியே இருந்தது. அழுகிற மாதிரி முகம் கோணியது, சத்தம் வரவில்லை. வென்றுவிட்டோம் என்று நினைத்தேன். லெட்சுமியும் அப்படித்தான் நினைத்திருப்பாள், பெருமூச்சு விட்டாள்.

பாக்கியம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"மிஸ்ஸி, எனக்குத்தான் பால் இல்லையே. இனாம் டின்னு குடுத்தாங்களே, அது குடிக்க ஆரம்பிச்சதும் புள்ள என்கிட்ட குடிக்கிறத விட்டுருச்சு. அப்படியே வத்திப்போச்சு. இப்ப நிறுத்திட்டா எதைக் குடுக்கறது?"

லெட்சுமியைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதுவரை அவள் பேச்சைக் கேட்டு நிறுத்தியவர்கள் எல்லாம் புதிதாகப் பெற்றவர்கள், அவர்களுக்குப் பால் இருந்தது. மற்றவர்கள் கேட்கவே இல்லை, அதனால் இந்தக் கேள்வியும் வரவில்லை. இனாம் டின் என்ன செய்கிறது என்று எனக்கு அந்த வீட்டில்தான் விளங்கியது. அடுத்த டின் வாங்கும் பழக்கம் வருவதற்காகக் கொடுக்கிறோம் என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அது உண்டாக்குவது பழக்கம் இல்லை, தாய்க்கு வேறு வழியே இல்லாமல் செய்துவிடுகிறது.

பாக்கியம் பதிலுக்குக் காத்திருந்தாள். பெரிய மிஸ்ஸி ஏதாவது சொல்வாள் என்று நம்பிக் காத்திருந்தாள். அந்த நம்பிக்கையைப் பார்க்க எனக்கு அவமானமாக இருந்தது.

லெட்சுமிதான் முதலில் அசைந்தாள். புட்டியை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டினாள். அடுப்பை மூட்டி, தண்ணீரைக் கொதிக்க வைத்தாள். புட்டியையும் ரப்பரையும் அதில் போட்டு எடுத்தாள். டின்னைத் திறந்து பார்த்தாள், அடியில் கொஞ்சம்தான் இருந்தது.

"இது ஒரு போத்தலுக்குக்கூடக் காணாதுக்கா" என்றாள்.

நான் கைப்பையை எடுத்துக்கொண்டு கடைக்கு நடந்தேன். கடைக்காரர் எனக்கு முன்னால் வேகமாகப் போய்க் கதவைத் திறந்தார். கையில் இருந்த வெள்ளி நோட்டுகளைக் கொடுத்து அது வாங்குகிற அளவுக்கு டின் வாங்கினேன். திரும்பி வரும் செலவுக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். அவர் டின்களைத் துடைத்து, கயிறு கட்டி, கையிலேயே தூக்கிக்கொண்டு வந்தார். பாக்கியத்தின் வீட்டில் லெட்சுமி ஒவ்வொரு கரண்டியாக, மேலே வழித்து, சத்தமாக எண்ணிப் போட்டுக் காட்டினாள். "இதுக்குக் கொறைச்சா புள்ள செத்துரும். வெளங்குதா?" என்றாள். நானும் பக்கத்தில் நின்று, ஆமாம் குறைக்காதே என்றேன். குறைக்காமல் போட்டால் டின் சீக்கிரம் தீரும், தீர்ந்தால் வாங்க வேண்டும். பாலை நிறுத்தச் சொல்ல வந்த இரண்டு பேரும் அன்றைக்கு அந்த வீட்டில் கம்பெனி சொல்லிக் கொடுத்ததை ஒரு வரி பிசகாமல் செய்துவிட்டு வந்தோம்.

ஆற்றங்கரையில் லெட்சுமி பையை என் கையில் கொடுத்தாள். "தராசை மட்டும் வச்சுக்கட்டுமாக்கா? அந்தப் புள்ளையப் பாத்துக்கறேன்" என்றாள். விட்டுவிட்டு வந்தேன். சம்பானில் ஏறும்போது தராசு கைதவறி ஆற்றில் விழுந்துவிட்டது என்று ஆபீசில் சொன்னேன்.

அவள் பிறகு மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாள். என்னோடு பேச்சு நின்றுவிட்டது. என்னைப் பார்த்தால் அவளுக்கு அந்த அடுப்படி ஞாபகம் வரும், எனக்கும் அப்படித்தான். பாக்கியத்தின் பிள்ளை பிழைத்துக்கொண்டான். என் சம்பளத்தில் ஒரு பங்கு பல மாதம் அந்தக் கடைக்குப் போனது. மற்ற லயங்களில், மற்ற தோட்டங்களில், குலிமில், தைப்பிங்கில் எத்தனை ராசாத்திகள் என்று யாரும் எங்களுக்கு டெலிபோன் செய்து சொல்லவில்லை. நானும் அந்தப் பகுதியிலிருந்து மாற்றம் கேட்டு வந்துவிட்டேன்.

மாற்றம் கேட்பதற்கு முன்பு நடந்தது ஒன்று உண்டு. நான் பத்து காவான் போய்வந்த அதே வாரக் கடைசியில் அந்தத் தோட்டத்துக் கடைக்காரர் சரக்கு கேட்டு டெலிபோன் செய்தார். தேங்கியிருந்தது தீர்ந்துவிட்டதாம். நான் நிறுத்தச் சொன்னதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, பேச அவருக்கு என்ன அவசியம்? துரைராஜா வாசலில் வந்து நின்றார். முகம் மலர்ந்திருந்தது. லெட்சுமியின் உடுப்பை எடுத்து, இடுப்பைக் கொஞ்சம் பிடித்துத் தைத்து, புதுப் பெண்ணுக்குக் கொடுத்தாகிவிட்டது என்றார்.

"பாத்தியளா மிஸ் சரோஜா, நீங்கள் நேரிலை ஒருக்காப் போனவுடனை விற்பனை ஏறிப்போச்சு. இனி எல்லா இடத்துக்கும் இப்பிடிப் போய்வாங்கோ."

என்னால் பொறுக்க முடியவில்லை. "அந்த டின்னெல்லாம் நான் வாங்கினது சார்" என்றேன். "என் காசுல. அந்தப் புள்ளையோட அம்மாவுக்குப் பால் வத்திப்போச்சு சார். நாம குடுத்த இனாம் டின்னாலதான் வத்துச்சு."

நான் சொன்னதை நன்றாகக் கேட்டுக்கொண்டார், அவர் எப்போதும் நன்றாகக் கேட்பவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என் தோளைத் தட்டுகிற குரலில், அன்பாகவே, சொன்னார்:

"ஆர் வாங்கினா என்ன, பிள்ளை. குழந்தை குடிக்குதுதானே."